அண்ணன் பார்த்த உப்பு

மரக்காணம் உப்பளங்களில் ஐப்பசி மழை விழுந்தால் வேலை ஓயும். பாத்திகள் குளங்களாகிவிடும், தை, மாசியில் அவற்றைச் சீர்செய்யும்வரை தொழிலாளர் காத்திருப்பர். என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு அது பசியின் பருவம். கட்ச் பாலைநிலத்திலோ அம்மாதங்கள்தாம் விழாக்காலம் என்பதை ஐம்பத்தைந்து வயதில்தான் அறிந்தேன்.

குசராத்தின் தோர்தோ சிற்றூரில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘ரண் உத்சவ்’ கலைவிழாவுக்குப் பெற்றோரை அழைத்துச் செல்ல வேண்டுமென்பது சென்னையில் பணிபுரியும் அண்ணன் மகனின் ஆவல். என்னையும் சேர்த்துக்கொண்டான். 2025 சனவரியில், மூவரசர் திருநாள் முடிந்தபின், அகமதாபாத் வரை இரயிலில் சென்று அங்கே ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தினோம். அடுப்பு, அரிசி, கருவாடு அனைத்தும் அண்ணியாரின் பொறுப்பு. கருவாட்டு மணம் எழும்போதெல்லாம் சைவ உணவினரான ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் சன்னலைத் திறந்துவிடுவார்.

உமணர் தம் பிள்ளைகளோடும் ஒரு மந்தியோடும் வண்டி வண்டியாகச் சென்றதைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணமே என்பர் அறிஞர் பலர். அவர்கள் உப்பை விற்கப் போனார்கள். நாங்கள் உப்பைப் பார்க்கப் போனோம்.

வழியில் சின்ன ரண் பகுதியில் வேனை நிறுத்தச் சொன்னார் அண்ணன். அங்கே உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள் மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு பாலைக்குள் குடியேறி, நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகட்டி, கோடை வரை அங்கேயே தங்குகின்றனர். அண்ணனுக்கு அவர்கள் மொழி தெரியாது. பாத்தி வரப்பில் குந்தி, நீரை விரலால் தொட்டு நாவில் வைத்தார். பிறகு இரண்டு விரல்களையும் ஐந்து விரல்களையும் உயர்த்திக் காட்டினார். 25 டிகிரி, உப்பு இறங்கும் பதம். அந்தப் பெரியவர் முகம் மலர்ந்து தலையசைத்தார். இருவரும் ஒருவர் பாதத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அன்பு வாசகரே, அண்ணனின் பாத வெடிப்புகளில் பாதி, நான் குருமடத்தில் நிழலில் அமர்ந்து இறையியல் பயின்ற ஆண்டுகளுக்கு உரியவை. குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவர் என்னைச் ‘சாமி’ என்றே அழைப்பார். அந்தப் பணிவு எனக்கு எப்போதும் ஒரு சிறு முள்ளாகவே இருந்தது.

தோர்தோவில் கூடாரங்கள், ஒட்டக வண்டிகள், கண்ணாடி பதித்த பூவேலைகள், அசரக் அச்சுத் துணிகள், நிரோணா ஊரின் ரோகன் ஓவியங்கள். பெண்களுக்கு ஒரு மாலை போதவில்லை. அன்று போகி, பௌர்ணமியும்கூட. நிலவெழுந்ததும் வெள்ளை ரண்ணுக்குச் சென்றோம். மழைக்காலத்தில் நீர் தேங்கி, பின் வற்றி, அடிவானம் வரை உப்பு மட்டும் எஞ்சிய வெளி. வளநிலம் உப்புநிலமாவதைத் தண்டனையாகவே கூறும் 107-ஆம் திருப்பாடல் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லலாமென்று திரும்பினேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் உப்பைக் கீறிக்கொண்டிருந்தார். மேலே மெல்லிய ஓடு. அடியில் ஈரக் கருஞ்சேறு.

“அடி மிதிக்காத நிலம். வாரினா சேறும் சேர்ந்து வரும், வெல போகாது” என்றார்.

சுற்றிலும் மக்கள் படமெடுத்துக்கொண்டிருந்தனர். வாரவேண்டாத உப்பின்மேல் அவர் நெடுநேரம் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நம்ம அளத்தை ஒருநாளாவது இப்படி நின்னு பாத்திருக்கோமா, தம்பி?”

நான் பேசவில்லை. பேரன் ஒரு கைப்பிடி உப்போடு ஓடிவந்தான். ஊருக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டான். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.