வினாவை முழுமையாக வாசித்தோமா?



தேர்வு நெருங்கும் காலத்தில் நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "விடை எழுதத் தொடங்குவதற்கு முன் வினாவை இருமுறை வாசியுங்கள்" என்பதே அது. இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்த நானே அதனை மறந்த கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் தந்தையாரும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அகவை எண்பத்தொன்று. அவருடைய பழைய பெட்டிக்குள் மொரிசியஸ் நாட்டுப் பணத்தாள் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்நாட்டுப் பணத்தாளில் அதன் மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதை வகுப்பில் காட்டி, "இந்தியப் பெருங்கடலில் ஆப்பிரிக்காவை ஒட்டிய ஒரு தீவிலும் நம் எழுத்து வாழ்கிறது" என்று சொல்வாராம். அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2023ஆம் ஆண்டு திசம்பர் பள்ளி விடுமுறையில் அதை நிறைவேற்ற முடிவு செய்தேன்.

விமானச் சீட்டு, தங்கும் விடுதி, சக்கர நாற்காலி என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டேன். மலேசியர்களுக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை என்று அறிந்ததும், இனி வேலை ஏதுமில்லை என்று எண்ணினேன். புறப்பட ஒன்பது நாள் இருக்கையில் அப்பாவின் மாத்திரைகளை வாங்க மருந்தகம் சென்றேன். அங்கே பணிபுரியும் என் முன்னாள் மாணவி, "டீச்சர், தாத்தாவின் முதுகுவலி மாத்திரை கொஞ்சம் வலுவானது. அந்த நாட்டில் இதைக் கொண்டுபோக அனுமதி கேட்டுவிட்டீர்களா?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை.

அன்றிரவுதான் அரசாங்க அகப்பக்கங்களை உட்கார்ந்து வாசித்தேன். வலுவான வலிநிவாரணிகள், உறக்க மாத்திரைகள், மன அமைதிக்கான மருந்துகள் ஆகியவற்றை மொரிசியசுக்குள் கொண்டுசெல்ல அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் முன் அனுமதி தேவைப்படலாம் என்பது தெரியவந்தது. போதைப்பொருள் சட்டம் அங்கே மிகக் கடுமையானது. ஒரு மாத்திரை அட்டையால் எண்பத்தொரு வயது முதியவரை விமான நிலையத்தில் விசாரணைக்கு உட்கார வைத்திருப்பேனே என்று நெஞ்சு பதறியது.

"விட்டுவிடம்மா, போகாவிட்டால் என்ன" என்றார் அப்பா. அந்தச் சொல்தான் என்னை மிகவும் சுட்டது. மறுநாளே மருத்துவரைக் கண்டோம். அனுமதி பெற நாள் போதாது என்பதால் அவர் வேறு மருந்துக்கு மாற்றி, ஆங்கிலத்தில் கடிதமும் எழுதித் தந்தார். பயணம் நிறைவேறியது. ஆனால் அந்தப் பத்து நாளும் அப்பா வழக்கத்தைவிடக் கூடுதலாக வலி பொறுத்தார். அது என் கவனக்குறைவுக்கு அவர் கொடுத்த விலை.

எனவே, நான் தாமதமாகக் கற்றவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாவது, செல்லும் நாட்டின் அரசுப் பக்கங்களை வாசியுங்கள். மருந்து மட்டுமன்று, செடிகொடிகளுக்கும் பழங்களுக்கும் மொரிசியஸில் இறக்குமதி அனுமதி வேண்டும். கரும்புக்கு முற்றிலும் தடை. சிகரெட் சுருட்டும் தாளுக்குக்கூடத் தடை உண்டு. வருகையாளர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவத்தையும் அரசின் தளத்திலேயே தேடி நிரப்புங்கள். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு வழியாகச் செல்வோர் தடுப்பூசிச் சான்றிதழ் பற்றியும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நம் வெளியுறவு அமைச்சின் 'இ-கொன்சுலர்' தளத்தில் பயண விவரத்தைப் பதிவு செய்யுங்கள். சிங்கப்பூர் நண்பர்களுக்கு 'இ-ரெஜிஸ்டர்' உண்டு. நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால்தானே அரசாங்கம் நம்மைத் தேட முடியும்?

மூன்றாவது, நம் தூதரகம் எல்லாத் தலைநகரங்களிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாட்டில் உள்ள தூதரகமே அண்டை நாடுகள் சிலவற்றையும் சேர்த்துக் கவனிப்பதுண்டு. எது பொறுப்பானது என்று பார்த்து எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் நாடுகளுக்கிடையே அதற்கு 'ஹை கமிஷன்' என்று பெயர். தேடும்போது குழப்பம் வேண்டா. கடப்பிதழ் தொலைந்தால் மாற்று ஆவணம் தருவார்கள். குடும்பத்திற்குச் செய்தி சொல்வார்கள். கைதானவரைச் சென்று பார்ப்பார்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை இதற்கு வழிசெய்கிறது. ஆனால் மருத்துவமனைக் கட்டணம் கட்டவோ வழக்கில் தலையிடவோ மாட்டார்கள். அதனால் பயணக் காப்புறுதி அவசியம்.

நான்காவது, அவசர எண்கள். அங்கே காவல்துறைக்கு நம் நாட்டைப் போலவே 999. ஆனால் மருத்துவ ஊர்திக்கு 114, தீயணைப்புக்கு 115.

ஐந்தாவது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். வானிலைத் துறை நான்கு நிலைகளில் எச்சரிக்கை விடுக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகி, மேலும் தொடரும் என்றால் அது நான்காம் நிலை. நாங்கள் திரும்பிய சில வாரங்களில், 2024 சனவரி 15ஆம் நாள், பெலால் புயல் தாக்கிப் போர்ட் லூயி நகரின் சாலைகள் வெள்ளக்காடாயின. விமான நிலையமும் மூடப்பட்டது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது, பதிவு செய்துவிட்டுப் போனதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது.

அந்தப் போர்ட் லூயியில்தான் ஆப்பிரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் அத்தீவுக்கு வந்தனர். அவர்களை வரவேற்ற குடியேற்ற நிலையம் இன்று யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அங்குள்ள பதினாறு கற்படிகளின் முன் அப்பா சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவருடைய பாட்டனாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்தாம்.

ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. அச்செய்தியை நான் சொன்னதும் அப்பா தம் கடப்பிதழை எடுத்து முதல் பக்கத்தை எனக்குக் காட்டினார். இதை வைத்திருப்பவர் தடையின்றிச் செல்லவும் வேண்டிய உதவியும் பாதுகாப்பும் பெறவும் நம் மாமன்னரின் பெயரால் அதில் வேண்டுகோள் உள்ளது.

"அந்தச் சீட்டு அவர்களைப் பிடிப்பதற்காகக் கொடுத்தது. இது நம்மைக் காப்பதற்காகக் கொடுத்தது. இத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். நீ இந்தப் பக்கத்தை வாசித்திருக்கிறாயா அம்மா?" என்றார்.

வாசித்ததில்லை. அன்றுதான் வாசித்தேன்.

வரும் விடுமுறையில் வெளிநாடு செல்லவிருக்கும் பெற்றோர்களே, பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை