செட்டிநாட்டின் கடல் வாசல்

செட்டிநாட்டில் கடல் எங்கே இருக்கிறது என்று காரைக்குடியில் யாரையாவது கேட்டால், நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஊருணியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாலே யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய சீமை அது. செம்மண் பூமி, வானம் பார்த்த கண்மாய்கள், முள் மரங்கள், அவற்றுக்கிடையே திடீர் திடீரென்று எழும்பி நிற்கும் அரண்மனை போன்ற வீடுகள்.

ஆயினும் அந்த வீடுகளில் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். தூண்கள் பர்மாத் தேக்கு. தரை இத்தாலியச் சலவைக்கல். சுவரிலே பெல்ஜியத்து நிலைக் கண்ணாடி. இவற்றில் எதுவும் கடல் தாண்டாமல் வந்திருக்க முடியாது. நகரத்தார் தங்களுடைய பூர்விகம் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்வது பரம்பரை வழக்கு. கடற்கரையை விட்டு உள்நாட்டில் குடியேறிய பிறகும் இலங்கை, பர்மா, மலேயா என்று அலைகடலைத் தாண்டிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள். ஆகவே, செட்டிநாட்டுக்குக் கடல் இல்லை என்பது பூகோளத்துக்குச் சரி, சரித்திரத்துக்குச் சரியல்ல.

அந்தக் கடலை அதன் மிக அருகாமையில் சென்று பார்த்துவிடுவதென்று ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். தொண்டிக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் கோயில் திருவிழாவை முன்னிட்டு மறுநாள் பாய்மரப் படகுப் போட்டி நடக்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் இதற்கு ஒரு காரணம்.

தொண்டிக்குப் போகும் வழி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, அங்கிருந்து தேவாரப் பாடல் பெற்ற திருவாடானை, பிறகு தொண்டி. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திருவாடானையைத் தாண்டியதும் மண்ணின் சிவப்பு வெளிறுகிறது. பனைகள் கூடுகின்றன. காற்றிலே உப்பு ஏறுகிறது.

சங்கப் புலவர்கள் பாடிய சேரர் தொண்டி மேலைக் கடலில் உள்ளது. இது கீழைக் கடல் தொண்டி. பாண்டிய நாட்டின் பழந்துறைகளுள் ஒன்று. எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் யாழ்ப்பாணம். இந்தக் கடலைக் கண்டதும் நேயர்களுக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். சென்னைக் கடற்கரையின் பேரலை இங்கே கிடையாது. வெகு தூரம் வரையில் ஆழமில்லை. குளம் போல் சாந்தமாகக் கிடக்கிறது. ஆனால் அந்தச் சாந்தத்தை நம்பி ஏமாந்தவர்கள் பலர் என்று கரையிலே வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூறினார்.

"அலைய பாத்து என்ன தம்பி செய்ய? காத்தப் பாக்கணும். அதுக்கு அடியில நீவாடு எங்க இழுக்குதுன்னு பாக்கணும்" என்றார் அவர்.

காற்றுக்குப் பெயர்கள்

பட்டணத்தில் வாழும் நமக்குக் காற்று என்றால் ஒன்றே ஒன்றுதான். ஜன்னலைத் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அந்தப் பெரியவருக்கோ காற்று ஒரு பெரிய குடும்பம். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கே பிறந்தது கொண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை. ஒவ்வொன்றுக்கும் குணம் உண்டு. வரும் மாதம் உண்டு. வருமுன் வானத்தில் காட்டும் அடையாளமும் உண்டு.

நீவாடு என்பது கடலின் நீரோட்டம். தென்மேற்குப் பருவத்தில் இது பொதுவாக வடக்கு நோக்கிப் போகும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பித் தெற்கே இழுக்கும். கரையோரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் அதன் வேகம் தணிந்திருக்கும், ஆழத்தில் அதிகமாயிருக்கும். ஆகவே நீவாட்டை எதிர்த்துப் போகிறவன் கரையை ஒட்டிப் போவான். அதன் துணையோடு போகிறவன் ஆழத்தை நாடுவான். இவ்வளவையும் படகின் அடியிலே கண் வைத்துப் பார்த்ததுபோல் சொல்கிறார், பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷங்கூடப் படித்திராத அந்த மனிதர்!

ஞாயிற்றுக்கிழமைப் போட்டி

மறுநாள் காலை கரை முழுவதும் ஜனத்திரள். படகு ஒன்றுக்கு ஐந்தாறு பேர். கடலுக்குள்ளே நெடுந்தூரத்தில் நட்டிருந்த கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

போகும்போது கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளிற்று. பாய்கள் அன்னங்களைப்போல் வரிசையாகச் சென்றன. யாருக்கும் சிரமம் இல்லை; ஆகவே யாருக்கும் பெருமையும் இல்லை. கொடியைத் திரும்பிய பிறகல்லவா வித்தை ஆரம்பமாயிற்று! காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப் படகாலும் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து இடது புறம் கொஞ்சம், வலது புறம் கொஞ்சம் என்று மாறி மாறி ஓடித்தான் முன்னேற வேண்டும். படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகை. படகு ஒரு பக்கம் சாயும்போது, ஆட்கள் அந்தப் பலகை வழியே மறுபக்கம் தண்ணீருக்கு மேலே போய் உட்கார்ந்து தங்கள் உடல் பாரத்தினால் அதை நிமிர்த்துகிறார்கள். இந்தப் பலகையை அந்தக் காலத்திலேயே கவனித்து எழுதியவர், சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல். இந்தியப் படகுகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1920-இல் வெளியாயிற்று.

பாதி வழியில் கச்சான் ஓய்ந்தது. பாய்கள் எல்லாம் தொங்கிப் போயின. கரையில் ஆரவாரமும் அடங்கிற்று. நீவாடு மட்டும் ஓயவில்லை. படகுகளை வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த படகு மட்டும் முன்னதாகவே தெற்கே ஒதுங்கியிருந்தது. அதன் காரணம் பிறகுதான் நமக்கு விளங்கிற்று. தென்கிழக்கே தண்ணீரின் நிறம் கறுத்தது, கடற்காற்று எழுந்தது. தெற்கே நின்ற படகு அதை முதலில் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் பாயைத் திருப்புவதற்குள் கரையை நெருங்கிவிட்டது. ஜயித்தது தோள் வலிமையல்ல. அரைமணி நேரம் முந்திச் சிந்தித்த சிந்தனை.

ஒற்றை ஆள் படகு

இந்தப் படகில் ஆறு பேர். ஒருவன் சுக்கானைப் பிடிக்கிறான். ஒருவன் பாயின் தாமான் கயிற்றைப் பிடிக்கிறான். மற்றவர்கள் பாரம் தாங்குகிறார்கள். இந்த ஆறு வேலையையும் ஒரே மனிதன் செய்தால்? அதுதான் உலகெங்கும் நடக்கும் ஒற்றை ஆள் பாய்மரப் போட்டி.

அதற்குரிய படகுகளில் பிரசித்தமானது லேசர் என்பது. கானடா தேசத்தவரான புரூஸ் கர்பி வரைந்த அமைப்பு. நீளம் 4.23 மீட்டர், ஒரே பாய். 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம் பெற்றிருக்கிறது. ஒரு கையில் சுக்கான், மறு கையில் கயிறு, உடலோ படகுக்கு வெளியே. கண் மாத்திரம் தண்ணீரின் நிறத்தில். ஒரே பந்தயத்தில் முடிவு தெரிந்துவிடாது. நாள்தோறும் பல ஓட்டங்கள். வந்த இடமே மதிப்பெண். குறைந்த எண் பெற்றவரே வெற்றி பெற்றவர். மோசமான ஓட்டம் ஒன்றைத் தள்ளிவிடுவதும் உண்டு. ஆகவே ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் ஜயிக்க முடியாது; மாறுகிற காற்று எல்லாவற்றிலும் தேற வேண்டும்.

இந்த வித்தையில் தமிழ்நாட்டார் இருவர் பெயர் பெற்றிருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் கோடை முகாம் ஒன்றில் படகோட்டக் கற்றவர். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 35-ஆவதாகவும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் பந்தயங்கள் நடந்த மார்செய் துறைமுகத்தில் 21-ஆவதாகவும் வந்தார். வேலூரைச் சேர்ந்த இராணுவ வீரர் விஷ்ணு சரவணன் அதே இரண்டு ஒலிம்பிக்குகளில் 20-ஆவது, 18-ஆவது இடங்களைப் பெற்றார். 2023-இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கமும் வென்றார்.

கேட்க வேண்டிய கேள்வி

போட்டி முடிந்த மாலையில் கரையோரமாய் ஒரு காட்சி கண்டோம். பத்து வயதுப் பையன் ஒருவன் தெர்மாகோல் மிதவை ஒன்றின்மேல் நின்றுகொண்டிருந்தான். உரச் சாக்கைக் கிழித்துப் பாயாகக் கட்டியிருந்தான். துடுப்பே சுக்கான். தன்னந்தனியாகக் காற்றைச் சாய்த்துப் பிடித்து, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிக் கரை சேர்ந்தான். அவனுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. வீட்டில் அடி கிடைத்திருக்கும் என்பதே நம் ஊகம்.

இந்தக் கரையில் இப்போது படகுகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது. அது வந்தது நல்லதே. எதிர்காற்றில் உயிரைப் பணயம் வைக்கும் கஷ்டம் மீனவர்களுக்குக் குறைந்தது. ஆனால் பாய் போனபோது, காற்றின் பெயர்களும் போகத் தொடங்கின. "என் மகனுக்குக் கச்சான் தெரியும், பேரனுக்கு டீசல் விலைதான் தெரியும்" என்று அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு நமக்குச் சிரிப்பாகத் தோன்றவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவிலே பாய் கட்டுவதால் மட்டும் ஒரு வித்தை பிழைத்திருக்குமா?

பாய்மரப் பந்தயம் பணக்காரர்களின் மேனாட்டு விளையாட்டு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இதைவிடத் தவறான எண்ணம் வேறில்லை. கட்டுமரம் என்ற நமது சொல்லைத்தான் ஆங்கில அகராதி தன்னுடையதாக்கிக் கொண்டிருக்கிறது. படகும் நம்முடையது, காற்றும் நம்முடையது, காற்றை அறிந்த கண்ணும் நம்முடையது. இல்லாதது ஒன்றே: அந்தச் சாக்குப் பாய்ப் பையனுக்கும் ஒலிம்பிக் கடலுக்கும் நடுவே ஒரு பாலம்.

அதற்கு வேண்டியவை ஏராளமல்ல. தொண்டிக் கரையில் ஒற்றை ஆள் படகுகள் ஐந்தாறு, கற்றுத்தர ஓர் ஆசிரியர், காற்றின் பெயர்களைச் சொல்லித்தர அந்தப் பெரியவர். கடல் கடந்து சென்று பொருளீட்டி, பள்ளிகளும் கல்லூரிகளும் கட்டி வைத்த சீமை ஒரு மணிநேரப் பிரயாண தூரத்தில்தான் இருக்கிறது. கடலுக்கு அந்தச் சீமை பட்டிருக்கும் கடனில் ஒரு சிறு பகுதியை இந்த வழியில் தீர்த்தால், பெரியவரின் பேரனும் ஒருநாள் கச்சானின் பெயரைச் சொல்லுவான்.