பழம்புத்தகம் தேடுவோர்

புதிய நூல் வாங்கச் செல்வோர், தமக்கு இன்ன நூல் வேண்டும் என்று அறிந்தே கடைக்குச் செல்வர். பழைய புத்தகம் வாங்கச் செல்வோர் நிலை அவ்வாறன்று. அன்று எது கிடைக்கும் என்பதை அவரும் அறியார்; விற்பவரும் அறியார். குனிந்து, தூசி தட்டி, அடுக்கின் அடியில் கிடப்பதை மெல்ல உருவிப் பார்த்தல் வேண்டும். நெடுநாள் தேடிய நூல் கையில் அகப்பட்டாலும், அம்மகிழ்ச்சியை முகத்தில் காட்டாதிருத்தல் வேண்டும். காட்டினால் விலை ஏறிவிடும்!

சென்னையில் இத்தேடலுக்குப் பேர் பெற்று விளங்கியது மூர் மார்க்கெட். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்சந்தையில் பழம்புத்தகக் கடைகள் பல இருந்தன. மாணவர் பாடநூல் தேடி வருவர். புலவர் அருகிப்போன பதிப்புகளைத் தேடி வருவர். 1985-ஆம் ஆண்டில் மூண்ட தீ அச்சந்தையை அழித்தது.

அங்கு நூல் தேடித் திரிந்தவருள் ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். ஓவியம் அவர்தம் தொழில். நூல் சேர்த்தல் அவர்தம் வேட்கை. இலக்கண இலக்கிய நூல்களை மட்டும் அவர் சேர்த்திருந்தால் பெருவியப்பு ஒன்றும் இல்லை. பிறர் நூலென்றே எண்ணாதவற்றையும் அவர் சேர்த்தார். நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், சிறு பிரசுரங்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஆகிய அனைத்தும் அவர் வீட்டில் இடம் பெற்றன. பழைய தாள் வாங்குவோர் தராசில் நிறுத்தால், இவற்றின் விலை சில காசுகளே!

ஆயினும், அவற்றின் அருமையைத் தராசு அறியுமா? தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. அக்காலப் படங்கள் பலவும் அவ்வாறே மறைந்தன. கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம் எங்கேனும் தப்பியிருந்தால், அப்படத்தின் கதையையும் நடித்தவர் பெயரையும் நாம் அதனால் அறிகிறோம். படம் பார்த்தவர் நூற்றுவருள் ஒருவரேனும் அதனை எறியாமல் வைத்திருந்தாரே!

இங்கிலாந்திலும் இத்தகையதொரு கதை உண்டு. பி.பி.சி. நிறுவனம் 1960-களில் ஒளிபரப்பிய நாடகங்களைப் பதிவு செய்த நாடாக்கள் மிகுந்த விலையுடையன. ஆதலின், ஒரு நாடகத்தை அழித்து, அதே நாடாவில் மற்றொன்றைப் பதிவு செய்தனர். 1963-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் புகழ்பெற்ற தொடரின் பகுதிகள் பல இவ்வாறு மறைந்தன. 1978-ஆம் ஆண்டளவில்தான் அவ்வழக்கம் ஒழிந்தது. ஒளி மறைந்தது, எனினும் தாள் எஞ்சியது. நடிகர் பேச வேண்டிய சொற்களையும், காமிரா திரும்ப வேண்டிய இடங்களையும் தட்டச்சில் பொறித்த எழுத்துப்படிகளே அவை. நாடகம் முடிந்தபின் எவருக்கும் வேண்டாதனவாய்க் கிடந்த அப்படிகளைப் பழம்பொருள் சேர்ப்போர் இன்று விலை கொடுத்து வாங்குகின்றனர். சில படிகளின் ஓரத்தில் நடிகர் பென்சிலால் எழுதிய திருத்தமும் காணப்படும். அவர் எந்தச் சொல்லில் தயங்கினார் என்பதை நாடா காட்டாது, தாள் காட்டும்.

வாங்குதல் எளிது, காத்தலே அரிது. மரக்கூழால் செய்யும் மலிவான தாளில் அமிலம் தங்கியிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, அது தாளைப் பழுப்பாக்கி, மடித்த இடத்தில் ஒடியச் செய்யும். பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் அத்தகைய தாளிலேயே அச்சாயின. அமிலம் விட்டுவைத்ததை வெள்ளிப்பூச்சியும் கறையானும் தின்னும். வீட்டில் இடமில்லை என்று முணுமுணுப்பவரைப் பற்றிக் கூறவே வேண்டா!

முத்தையா செட்டியார் 1992-ஆம் ஆண்டில் மறைந்தார். பல்லாண்டு தேடிச் சேர்த்த செல்வம் சிதறிவிடுமோ என்று அறிஞர் அஞ்சினர். அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆயின், நூல்கள் கப்பல் ஏறவில்லை. 1994-ஆம் ஆண்டில் சென்னையிலேயே அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நூல்களை நுண்படச் சுருளில் பதிவு செய்யும் பணி அங்கே தொடங்கியது. கடல் கடந்து சென்றவை அப்பதிவுகளே. கோட்டையூரில் சேர்ந்த ஏடுகள் தமிழ்நாட்டிலேயே தங்கின.