முதுகுக்கு ஒரு வகுப்பு

முதுகுவலி என்று ஒருத்தர் வாய் திறந்தால் போதும், சுற்றி இருக்கிற நாலு பேரும் டாக்டராகிவிடுவார்கள். குனியாதே, குடம் தூக்காதே, தரையில் படு, பெல்ட் போடு... எல்லாமே பயமுறுத்துகிற ரகம். இரண்டு நாள் வலிக்குப் பரவாயில்லை. மூன்று மாதம் தாண்டியும் போகாத வலிக்காரர் இதையெல்லாம் கேட்டு நடந்தால் என்ன ஆகும்? முதலில் குனிவதை விடுவார், அப்புறம் பஸ்ஸில் போவதை, அப்புறம் வேலையை.

இந்த அறிவுரைகளையே ஒழுங்காகப் பாடத்திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்குமா என்று காசு செலவழித்துப் பார்த்திருக்கிறார்கள். காமர்ஸ் மக்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது, கூட வாருங்கள்.

1969-ல் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் பக்கத்து தாண்டெரிட் மருத்துவமனையில் மரியான் சக்ரிசன் ஃபோர்செல் என்ற பிசியோதெரபிஸ்ட் 'முதுகுப் பள்ளி' ஒன்றை ஆரம்பித்தார். எப்படி உட்காரணும், எப்படித் தூக்கணும், எந்த நிலையில் முதுகெலும்பின் டிஸ்க்கில் அழுத்தம் குறைவு என்று சின்னக் குழுவுக்குப் பாடம். வோல்வோ கார் தொழிலாளர்களிடம் சோதித்தபோது, பள்ளிக்குப் போனவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். அவ்வளவுதான், உலகம் பூராவும் முதுகுப் பள்ளிகள் முளைத்தன.

அமெரிக்கத் தபால்துறையும் ஆசைப்பட்டது. மூட்டை மூட்டையாகக் கடிதம் தூக்குகிறவர்கள் ஆச்சே! சரியாகத் தூக்குவது எப்படி என்று பயிற்சி கொடுத்து, சுமார் 4000 ஊழியர்களை ஐந்தரை வருஷம் கவனித்தார்கள். 1997-ல் முடிவு வந்தது. முதுகுக் காயம் குறையவில்லை. காயத்துக்கான செலவு குறையவில்லை. லீவு நாளும் குறையவில்லை. கூடினது ஒன்றே ஒன்று, 'பாதுகாப்பாகத் தூக்குவது எப்படி' என்கிற அறிவு! பரீட்சையில் பாஸ், முதுகில் ஃபெயில். (வலி வராமல் தடுக்கிற முயற்சி இது. வந்த வலிக்கு வைத்தியம் வேறு கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இரண்டே வருஷத்தில் இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து வேறு மாதிரி ஒரு முடிவு வந்தது. ஜெனிஃபர் கிளேபர் மோஃபெட் குழுவினர் 187 முதுகுவலிக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வழக்கம் போல டாக்டரிடம். இன்னொரு பாதிக்கு நாலு வாரத்தில் அதிகபட்சம் எட்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கும்பலாக உடற்பயிற்சி, கொஞ்சம் தளர்வுப் பயிற்சி, நடுநடுவே பேச்சு. அந்தப் பேச்சில்தான் சூட்சுமமே. வலிப்பதாலேயே உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை, அசையலாம், பயப்பட வேண்டாம் என்பதுதான் பாடம்.

ஆறாவது வாரம் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வகுப்புக்காரர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். வலியால் வேலைக்குப் போகாத நாட்கள் அந்தப் பக்கம் மொத்தம் 607, இந்தப் பக்கம் 378. சின்ன ஆராய்ச்சிதான், இந்த ஒரு எண்ணை வைத்துக் கோட்டை கட்ட முடியாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எட்டு மணி நேரப் பயிற்சியில் ஏறின தசை ஒரு வருஷமா நிற்கும்? நின்றது வேறு ஏதோ. குனிந்தால் போச்சு என்று நினைத்தவர், தன்னைப் போலவே வலிக்கிற பத்துப் பேரோடு சேர்ந்து குனிந்து பார்க்கிறார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீட்டில் செருப்பை எடுக்கக் குனிகிறார். பயந்து அசையாமல் இருந்தால் தசை தளர்ந்து, சின்ன வேலைக்கே வலித்து, 'பார்த்தாயா, சொன்னேனே' என்று பயம் இன்னும் ஏறும். அந்தச் சுழலை வகுப்பு அறுத்துவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

டென்மார்க்கில் 2018-ல் தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகம் தொடங்கிய 'கிளாட் பேக்' திட்டமும் இதே வழிதான். எட்டு வாரம், இரண்டு பாட வகுப்பு, பதினாறு பயிற்சி வகுப்பு. குறிக்கோள், தன் முதுகை நம்பிப் புழங்குகிற தைரியம். ('கிளாட்' என்றால் டேனிஷிலும் சந்தோஷம்தானாம்!)

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? விற்க ஆள் இல்லை, அதான். ஒரு ஹால், நாலு பாய், ஒரு பயிற்சியாளர். இதில் யாருக்கு என்ன மார்ஜின்? ஸ்கேனுக்குப் பில் உண்டு, ஊசிக்குப் பில் உண்டு, பெல்ட்டுக்கு மெடிக்கல் ஷாப்பில் தனி ஸ்டாண்டே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், திட்டமிட்ட உடற்பயிற்சியும் நோயாளிக்கான கல்வியும் பரிந்துரையில் இருக்கின்றன. பெல்ட்டும் டிராக்‌ஷனும் வழக்கமாகச் செய்ய வேண்டாதவை பட்டியலில்!

ஆனால் வகுப்பு எல்லா வலிக்கும் மருந்தாகாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலமிழப்பது, காய்ச்சலோடு வலி, விழுந்து அடிபட்ட பின் வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வலி... இதெல்லாம் இருந்தால் உடனே டாக்டரிடம்தான் ஓட வேண்டும்.

இன்னொரு சிக்கல், பதினாறு வகுப்புக்கு யாரால் வர முடியும்? மாதச் சம்பளக்காரர் பர்மிஷன் போட்டு வருவார். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வகுப்பும் கூலியில் கழியும். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்குத்தான் முதுகு முக்கியம், அவர்தான் வர முடியாதவர். இந்த ஓட்டையை எந்த வகுப்புத் திட்டமும் முழுசாக அடைத்த மாதிரி தெரியவில்லை.

பக்கத்தில் வருகிற ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகம், வலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2024-ல் வெளியிட்டது. ஒரு பாதிக்கு நடைதான் மருந்து. கூடவே ஆறு மாதத்தில் ஆறு முறை பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டலும் பாடமும். சும்மா விடப்பட்டவர்களுக்கு வலி திரும்பி வர, நடுவாகப் பார்த்தால், 112 நாள். நடந்தவர்களுக்கு 208 நாள். ஆறு மாதத்துக்குள் எட்டச் சொன்ன இலக்கு வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம், எந்தத் தெருவிலும் நடக்கலாம்.