தந்தியில் விழும் தாளம்

வயலின் கற்பவர்களுக்கு முதல் பாடமே வில்லை அறாமல் இழுப்பதுதான். அடியிலிருந்து நுனிவரை, நுனியிலிருந்து அடிவரை, ஒலி எங்கும் விட்டுப்போகக் கூடாது. சரளி வரிசையும் வர்ணமும் இப்படி இழுத்தே பழகிய கையிடம், 'வில்லைத் தந்தியில் போடு, அங்கேயே நிறுத்து' என்றால் லேசில் கேட்காது. அந்த நிறுத்தம் கைக்கு வந்த பிறகுதான் என் தாளம் நிமிர்ந்தது.

மேற்கில் இந்த அடிக்கு 'சாப்' என்று பெயர். அமெரிக்காவில் 1966-இல் பில் மன்றோவின் புளூகிராஸ் குழுவில் சேர்ந்த ரிச்சர்ட் கிரீன்தான் இதைத் தொடங்கிவைத்தவர். அந்த இசையில் ட்ரம் கிடையாது. தாளத்தையும் நரம்புக் கருவிகளே சுமக்க வேண்டும். அவருக்குப் பின் டேரல் ஆங்கர், 1985-இல் தொடங்கிய டர்ட்டில் ஐலண்ட் குழுவின் மூலம் இதை வளர்த்தார்.

கைப்பிடிக்கு அருகில், மயிரின் ஒரு விளிம்பு மட்டும் படும்படி, இரண்டு தந்திகள் மேல் வில்லை விழவிட வேண்டும். இடக்கை விரல்கள் தந்தியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்கும், ஸ்வரம் எழாது. விழுந்த வில் துள்ளாமல் ஒட்டி நிற்க வேண்டும். 'தக்' என்று ஓசை வரும். எடுக்கும்போது மயிர் தந்தியைக் கிள்ளிக்கொண்டு வரும். அது மெல்லிய இரண்டாவது ஓசை. மேற்கத்தியர் வயலினைக் கிடையாகப் பிடிப்பதால் வில் நேரே கீழே விழுகிறது. நாம் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். தந்திகள் சரிந்திருப்பதால் விழும் வில் விரல்பலகைப் பக்கம் வழுக்கப் பார்க்கும். மணிக்கட்டைக் குதிரைப் பக்கம் சற்றே சாய்த்துப் போட்டால் நிற்கிறது.

வாயில் வராதது கையில் வராது. ஆதி தாளம் போட்டுக்கொண்டு 'தகதிமி தகஜொணு' சொல்லி, 'தக' விழும் இடத்தில் மட்டும் வில்லைப் போட்டுப் பழகலாம். பிறகு கண்ட நடையில் 'தக தகிட'. போடியின் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் பெண்கள் சல்லடை ஆட்டி 8 மில்லிமீட்டர் காயைத் தனியே பிரிப்பதைக் கேட்டால் இதன் உயிர் பிடிபடும். சல்லடை சர்ரென்று ஒருபக்கம் போகும். கை மறித்ததும் காய்கள் ஒருசேர மோதி நிற்கும். ஓட்டத்தை மறிப்பதில் பிறக்கும் அடி அது.

இந்த ஓசைக்கு நெருங்கிய உறவு எங்கள் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. சாமி கும்பிடு வந்தால் உறுமி மேளம் கேட்கும். கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்கு முழங்கும் தேவதுந்துபியும் அந்த வகைக் கருவிதான். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும் முகம் ஏறி இறங்கி முனகும். அங்கே தோல் பாடுகிறது. சாப்பில் தந்தி கொட்டுகிறது.

இரண்டுக்கும் ஆதாரம் உராய்வு. ரோசின் ஏறிய குதிரைமயிர் தந்தியைப் பிடித்து இழுக்கும், ஒரு கட்டத்தில் தந்தி நழுவித் திரும்பும், மறுபடி பிடிபடும். 440 அதிர்வுள்ள சுருதியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. இதை 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். நீண்ட ஸ்வரத்தில் பிடிப்பும் நழுவலும் மாறி மாறி ஓடுகின்றன; சாப்பில் பிடித்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறோம். தாளத்தின் விதை ஒவ்வொரு ஸ்வரத்துக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது.

பிடிப்புக்குக் காற்றும் ஒத்துழைக்க வேண்டும். போடியின் வறண்ட காற்றில் மயிர் விறைப்பாக இருக்கும். அடி சுத்தமாக விழும். அதே வில்லோடு தென்மேற்குப் பருவமழையில் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்து வீட்டில் உட்கார்ந்தால், ஈரத்தில் மயிர் நீண்டு தளரும். திருகை முறுக்கித்தான் வாசிக்க வேண்டும். முடித்ததும் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு இறங்கியதும் மயிர் காய்ந்து சுருங்கி, வில்லின் குச்சியையே கோணலாக்கிவிடும்.

கச்சேரியில் தாளம் மிருதங்கக்காரர் பொறுப்பு என்று வயலின்காரரின் மனசு சாய்ந்துகொள்ள இடமுண்டு. சாப் பழகியவருக்கு அந்தச் சாய்மானம் இல்லை. காலப்பிரமாணம் அவர் மணிக்கட்டிலேயே குடியிருக்கும். ராகம் வாசிக்கும்போதுகூட அவர் வில்லில் அந்த உறுதி தெரியும். வயலினே வெளியிலிருந்து வந்த கருவிதான். பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதை நம் இசைக்கு வசப்படுத்தினார்கள். இந்த அடியையும் நாம் வசப்படுத்தலாம்.

மலையடிவாரத்தில் வயலின் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்கர்கள் வாசிப்பதைப் பாருங்கள். அதற்கு முன்னால், அடுத்த சாமி கும்பிடில் உறுமிக்காரர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தேய்க்கும் கையை அவர் எந்த அட்சரத்தில் நிறுத்துகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூத்த வித்வான் அவர்தான்.