பாண் வேணும், ஸ்ட்ரோபெரி வேண்டாம்

பேச்சுச் சிகிச்சை எண்டதும் கண்ணாடிக்கு முன்னால இருந்து ‘அ, ஆ’ சொல்லுறதுதான் எங்களில கனபேருக்கு ஞாபகம் வரும். ஆனால் சின்னப் பிள்ளைகளோட அது பெரும்பாலும் விளையாட்டுத்தான். அதிலயும் சாப்பாட்டு விளையாட்டுக்குத் தனி இடம். விளையாட்டுக் கடை ஒண்டு போட்டு, பிள்ளை ‘பாண் தா’ எண்டு கேட்கும்வரை சிகிச்சையாளர் பொறுமையாகக் காத்திருப்பார். ‘தா’ எண்டு மட்டும் சொன்ன பிள்ளை இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்குவது இப்படித்தான்.

எங்கட குசினியில இதுக்குத் தோதான சொற்கள் நிறைய இருக்கு. பாண், பால், மாம்பழம் எல்லாம் உதடு மூடித் தொடங்கும் சொற்கள்; பிள்ளை வாயைப் பார்த்தே பிடிச்சுக்கொள்ளும். ‘கறி’யைத் ‘தறி’ எண்டு சொல்லும் பிள்ளைக்குக் ‘க’ பழக்க, விளையாட்டுக் கறிச்சட்டி ஒண்டே போதும்.

பிரச்சினை பட அட்டைகளில்தான். நாங்கள் பார்த்த பலதில ஸ்ட்ரோபெரியும் பீட்சாவும்தான் இருந்தன. அதைப் பார்த்து ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால், அதுக்குச் சொல்ல ஏலாமல் இருக்கா, இல்லாட்டி அந்தச் சாமானை அது கண்டதே இல்லையா? முதலாவதுக்குச் சிகிச்சை வேணும். இரண்டாவதுக்கு வேற அட்டை வேணும். தமிழ்நாட்டு அட்டையும் முழுசாப் பொருந்தாது. அங்க ‘பப்பாளி’, எங்களுக்குப் ‘பப்பாசி’. சரியாச் சொன்ன பிள்ளைக்குப் பிழை போடக்கூடாது.

கலைப்பீடத்தில படிக்கிற எங்களால சிகிச்சை செய்ய ஏலாது. ஆனால் புட்டு, சம்பல், இடியப்பம், விளாம்பழம் எண்டு வரைஞ்சு, ஊருக்கு ஊர் மாறுற பேரையும் பின்னால எழுதிக் குடுக்க ஏலும். தமிழ் வீட்டுமொழியாக இல்லாத சிகிச்சையாளருக்கு அது இன்னும் உதவும். தான் நேற்றுச் சாப்பிட்டதைப் பற்றித்தானே எந்தப் பிள்ளைக்கும் முதலில் கதைக்க விருப்பம்.