நான்கு எண்ணுவதற்குள்

டெல்லியில் கருத்தரங்கு மதியத்தோடு முடிந்துவிட்டது. மெட்ரோவில் பெண்களுக்கான முதல் பெட்டியில் ஏறிச் சாகேத்தில் இறங்கினேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சையதுல் அஜாயிப் கிராமத்தையொட்டி இருக்கிறது ‘கார்டன் ஆஃப் ஃபைவ் சென்சஸ்’. ஐம்புலன்களுக்கான தோட்டம். 20 ஏக்கர் பாறை நிலத்தில் கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா வடிவமைத்தது, 2003இல் திறந்தார்கள்.

முகலாயர் பாணியில் நீர் ஓடும் ‘காஸ் பாக்’, அல்லிக்குளத்தோடு ‘நீல் பாக்’, மூங்கிலுக்கும் மூலிகைக்கும் கள்ளிக்கும் தனித்தனி இடம். பார்க்கலாம், முகரலாம், தொடலாம். சுவையை மட்டும் சாப்பாட்டுக் கடைகளிடம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஓரிடத்தில் பீங்கான் மணிகள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து சிணுங்கும். கண்ணை மூடிக் கேட்க வேண்டிய சத்தம். மூடினேன். நான்கு எண்ணுவதற்குள் திறந்துவிட்டேன். பின்னால் காலடி. தோட்டக்காரர், குழாயை இழுத்துக்கொண்டு போனார். மறுபடி மூடினேன். இந்த முறை யாருமே வரவில்லை; ஆறில் திறந்துவிட்டேன். கைப்பை மார்போடு அணைந்திருந்தது. எப்போது அப்படி அணைத்தேன்?

என் புலன்கள் மழுங்கிப்போகவில்லை. அவை வேறு வேலையில் இருக்கின்றன. பதினோரு வயதில் டவுன் பஸ்ஸில் கற்றுக்கொண்ட வேலை. காது காலடியை எண்ணும். மூக்கு சாராய நெடியைத் தனியாகப் பிரித்தெடுக்கும். முதுகில் ஒரு பார்வை படுவதைத் தோல் அறியும். 2012 டிசம்பரில் அந்த மாணவி கடைசியாகப் படம் பார்த்தது இதே சாகேத்தில்தான். மணிச்சத்தத்துக்கு நடுவே எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அது தொடுகையால் அறிவது என்கிறது தொல்காப்பியம். வருடந்தோறும் நடத்துகிறேன். ‘தொடுகை’ என்றதும் பையன்கள் சிரிப்பார்கள். பெண்பிள்ளைகள் துப்பட்டாவைச் சரிசெய்வார்கள்.

மறுநாள் தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். டெல்லியில் இருபது வருடமாக இருப்பவள். இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஜோடிகள் உட்காரும் இடம், உனக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். மணிகளுக்கு அடியில் உட்கார்ந்து முந்தின நாள் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“நீ மூடிக்கோ. நான் பாத்துக்கறேன்.”

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குவதை எத்தனையோ வகுப்புகளில் வியந்து நடத்தியிருக்கிறேன். தலைவி தனியாகப் போய்ப் பறிக்கவில்லை, தோழியும் கூட இருந்தாள் என்பதை ஒரு வகுப்பிலும் அழுத்திச் சொன்னதில்லை.

மூடினேன். பக்கத்து மணி கொஞ்சம் கரகரத்தது, விரிசல் விட்டிருக்க வேண்டும். தூரத்து மணிகள் தெளிவாக இருந்தன. ஈரமண் வாசம், அதற்கு மேல் ஏதோ பூ. எண்ண மறந்துபோனேன்.

“போதும்டி, என் முறை” என்று தோளைத் தட்டினாள்.

அவள் கைப்பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.